பதினோராவதாகத் தேர்வானவன்

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.
அக்டோபரிலும் கார்க் கதவு கையைச் சுடுகிறது.
கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில்
எண்ணெய்க் கிணற்று இயந்திரங்கள்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் ஊர்.
உள்ளே, ஒரு கூரைக்கடியில்,
ஓரங்குலக் கனத்துக்குப் பனிக்கட்டி வளர்த்திருக்கிறோம்.
அதன்மேல் இருபது வயது திபோர் ஹ்லவாய்
ஒற்றைக்காலில் திரும்புகிறான்.

ஏழாவது வரிசை, நான்காவது இருக்கை, நான்.
பகலில் கேரட் ஆலையில் தரம் பிரிப்பவள்.
பெல்ட் ஓடும். கண் பார்ப்பதற்குள் கை முடிவெடுக்கும்:
நேரானது பெட்டிக்கு,
கோணல் செதுக்குவதற்கு,
வெடித்தது மாட்டுக்கு.
ஒரு கேரட்டுக்கு ஒரு நொடிகூட ஆகாது.
அந்தக் கையைக் கழற்றி வைத்துவிட்டு
இங்கே வர எனக்குத் தெரியவில்லை.

"தோள் போதாது" என்கிறார் பக்கத்து இருக்கை டுவேன்.
"ஆறு கிலோ ஏறணும்."
பின்வரிசை நோர்மாவுக்கு அவன் கால்கள் மெத்தனம்.
வடக்கே, நான் பார்த்தேயிராத பெரிய நகரத்தில்
பதினெட்டாயிரம் பேர்
அவன் எப்போது வருவான் என்று
விரலை மடக்கிக்கொண்டிருக்கிறார்களாம்.
இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மேடையில்
பதினோராவதாக அவன் பெயரைப் படித்தார்கள்.
பன்னிரண்டாவது பையன் இப்போது மேலே
இருபது கோல் அடித்துவிட்டான்.
அந்தப் பன்னிரண்டு
இவன் போகிற ஊருக்கெல்லாம்
பஸ்ஸில் கூடவே வருகிறது.

எங்கள் கணக்கு வேறு,
வாய்விட்டுச் சொல்ல முடியாதது.
நன்றாக ஆடினால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.
மோசமாக ஆடினால் எங்களுக்கே எங்களுக்கு,
திட்டித் தீர்க்க.
போ போ என்று கத்திக்கொண்டே
வாசலை மறித்து நிற்கிற அன்பு.
அவன் பெயர் போட்ட சட்டைக்கு நூற்றெண்பது டாலர் கொடுத்தேன்.
பதினான்கு ஆட்டம் கோல் இல்லை.
துவைக்கப் போட்டேன், வெளியே எடுக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி
வலைக்கு மூன்றடியில் வட்டு அவன் மட்டையில் இருந்தது.
அடிக்கவில்லை. இடப்பக்கம் தள்ளிவிட்டான்,
ஆளில்லாத இடத்துக்கு.
நான் எழுந்து கத்தினேன்.
என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.
கண்ணாடிக்கு அந்தப்புறம் அவன் நிமிர்ந்து பார்த்தான்,
என்னையா, மேலே கடிகாரத்தையா, தெரியாது.
அந்த இடத்துக்கு வரவேண்டியவன்
தடுக்கிவிடப்பட்டுக் கிடந்ததைத்
திரையில் திரும்பப் போட்டபோது
நான் சோளப்பொரிக்கு வரிசையில் நின்றிருந்தேன்.

பிப்ரவரி. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி.
முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு
வேலைக்குப் போகிற நாட்கள்.
மேலே யாருக்கோ கால் முறிந்தது, அழைப்பு வந்தது,
பிரென்ட் ஸ்டால்கருக்கு.
முப்பத்தொரு வயது, இரண்டு முட்டியிலும் கட்டு.
நாங்கள் ஒருநாளும் எடைபோட்டுப் பார்க்காத ஆள்.
எந்தச் சட்டையிலும் அவன் பெயரை நான் கண்டதில்லை.

விமான நிலையக் கவுன்டரில் வேலை பார்க்கும் நோர்மா சொன்னாள்:
காரோட்டி வந்து விட்டது திபோர்தானாம்.
மட்டைப் பையை அவனே சுமந்து வந்தானாம்.
மூடுபனியில் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம்.
பெரியவன் பையில் தலைவைத்துத் தூங்க
இவன் உட்கார்ந்தே இருந்தானாம்
ஒரு பாக்கெட் கடலையோடு,
போர்டில் எழுத்து மாறும்போதெல்லாம் நிமிர்ந்து.
அழைப்பு தனக்கே வந்ததுபோல முகமாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"அதான்," என்றார் டுவேன், "பையனுக்குப் பசி போதாது."
நோர்மா தலையாட்டினாள்.
நானும் ஆட்டியிருக்கிறேன் என்பது
வீட்டுக்கு வந்து
மெஷினிலிருந்து சட்டையை எடுக்கும்போதுதான் தெரிந்தது.
அவன் பெயரின் கடைசி எழுத்து உரிந்து
வேறெதிலோ ஒட்டியிருந்தது.

அப்படியே போட்டுக்கொண்டு சனிக்கிழமை வந்தேன்.
இன்றைக்குக் கத்தக்கூடாது என்று ஒரு சபதம்.
இரண்டாம் பகுதி, ஆறு நிமிடம்.
வலைக்கு மூன்றடி. வட்டு அவனிடம்.
இடப்பக்கம் யாரோ வருகிற நிழல்.
அவன் மட்டை உயர்கிறதா, சாய்கிறதா
பார்ப்பதற்குள்

வாயைத் திறந்துவிட்டேன்.